வொர்லிக் குன்றின் ஆமையும் டாக்டர் கார்ட்டரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாய் நகரில் கார்ட்டர் என்னும் பெயருடைய ஆங்கில மருத்துவர் இருவர் வாழ்ந்தனர். ஒருவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். மருத்துவ மாணவர் அனைவரும் அறிந்த கிரே என்பாரின் உடற்கூற்று நூலுக்கு, 1858-இல் வெளிவந்த முதற் பதிப்பிற்கு, படங்கள் வரைந்து கொடுத்தவர் அவர். பிறகு பம்பாய்க்கு வந்து, நம் மதுரையின் பெயரைத் தாங்கி நிற்கும் மதுரைக் கால் என்னும் நோயையும் ஆராய்ந்தார். மற்றொருவர் ஹென்றி ஜான் கார்ட்டர். பஞ்சுயிரிகளை ஆராய்வோர் உலகெங்கும் இன்றும் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர் இவருடையது. நூலகப் பட்டியல்களில் இவ்விருவரும் ஒருவரோடொருவர் குழம்பிக் கிடப்பதைக் காணலாம். வேடிக்கை யாதெனின், இந்த இரண்டாம் கார்ட்டரின் கதையிலும் ஒரு கிரே வருகிறார். அவர் வேறு கிரே. நான் எழுதப் புகுந்தது ஹென்றி ஜான் கார்ட்டரைப் பற்றியே.

அவரைப் பஞ்சுயிரி அறிஞர் என்றே எல்லாரும் எழுதுகின்றனர். எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது ஓர் ஆமை. அதுவும் உயிருள்ள ஆமை அன்று. ஆறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லாய்க் கிடந்த ஆமை. விலங்கியல் முதுகலை வகுப்பில், அழிந்துபோன நன்னீர் ஆமைக் குடும்பம் ஒன்றின் வகைப்பாட்டைப் படிக்க நேர்ந்தபோது, கார்ட்டெரெமிஸ் என்னும் பேரினப் பெயர் கண்ணிற்பட்டது. யார் இந்தக் கார்ட்டர் என்று தேடப் போனேன். தேடியதில் கிடைத்தது ஆமையைவிடப் பெரிய கதை.

கார்ட்டர் 1813-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ஆம் நாள் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பட்லி சால்ட்டர்ட்டன் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தார். லண்டனில் பல்கலைக் கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். அக்கல்லூரியில் அந்நாளில் ஒப்பு உடற்கூற்றியல் கற்பித்து வந்தவர் ராபர்ட் கிராண்ட். பஞ்சுயிரிகள் செடிகள் அல்ல, விலங்குகளே என்று நிலைநாட்டப் பாடுபட்டவர்களுள் முதல்வர். கற்பித்தவர் விதைத்தது எத்தனை ஆண்டு கழித்து எந்த மண்ணில் முளைக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? கார்ட்டரிடத்தில் அது பம்பாய்க் குளங்களில் முளைத்தது.

1842-இல், இருபத்தொன்பதாம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் மருத்துவப் பணியில் துணை அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாலினூரஸ் என்னும் அளவைக் கப்பலுக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். தென்கிழக்கு அராபியக் கடற்கரையை அளந்து படம் வரைவது அக்கப்பலின் வேலை; 1844 முதல் 1846 வரை அப்பயணம் நடந்தது. கப்பல் மருத்துவருக்கு நோயாளிகள் இல்லாத நாட்களே மிகுதி. கார்ட்டர் அந்நாட்களை வீணாக்கவில்லை. கரையிறங்கிப் பாறைகளைத் தட்டிப் பார்த்தார். மஹ்ரா என்னும் குடியினரின் வாழ்க்கையைக் குறித்து வைத்தார். குந்துருக்கம் என்று நம் நாட்டுக் கடைகளில் விற்கும் நறும்பிசின் எந்த மரத்திலிருந்து வடிகிறது என்பதை நேரிற் கண்டு விவரித்தார். கோயிலிலும் மாதா கோயிலிலும் பல நூற்றாண்டுகளாகப் புகைந்த பொருள் அது. ஆயினும் அதைத் தரும் அராபிய மரத்தைக் கண்ணாரக் கண்டு எழுதிய ஐரோப்பியர் அந்நாளில் மிகச் சிலரே. பின்னர், 1870-இல், பர்டுவுட் என்னும் பம்பாய் அறிஞர் அம்மரத்திற்குக் கார்ட்டரின் பெயரையே இட்டார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஃப்ளூக்கிகர் என்பவர் அராபியக் குந்துருக்க மரத்திற்கு வேறொரு பெயர் இட்டிருந்தார். இரண்டும் ஒரே மரந்தான் என்பது இன்று பலர் கொள்கை. ஆகவே முந்திய பெயரே செல்லும். வணிகர்கள் மட்டும் கார்ட்டர் பெயரை இன்னும் விடவில்லை.

முந்தியது செல்லும், பிந்தியது விழும் என்னும் இந்தச் சட்டத்தை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆமையின் கதையிலும் அது வரும்.

பம்பாய்க்குத் திரும்பிய கார்ட்டர் அங்கேயே நிலைத்துவிட்டார். அரச ஆசியக் கழகத்தின் பம்பாய்க் கிளைக்குச் செயலாளராகவும் தொண்டாற்றினார். பகலில் மருத்துவம், மற்ற நேரங்களில் நுண்ணோக்கி. அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ஊர்க் குளத்தின் படிக்கட்டிலும் நீரில் அமிழ்ந்த குச்சியிலும் பாசி போல் ஒட்டிக் கிடக்கும் நன்னீர்ப் பஞ்சுயிரி. கோடையில் குளம் வற்றும். பஞ்சுயிரி காய்ந்து பொடியாகும். செத்தது என்றே தோன்றும். ஆனால் அதனுள் கடுகினும் சிறிய வித்துப் போன்ற உருண்டைகள் தங்கிவிடும். மழை பெய்து குளம் நிரம்பியதும் அவ்வுருண்டையின் ஒரு துளை வழியே உள்ளிருக்கும் உயிரணுக்கள் கசிந்து வெளிவந்து புதிய பஞ்சுயிரியாகின்றன. இவ்வுருண்டைகளையும் அவற்றின் முளைப்பையும் கார்ட்டர் நுணுகிக் கண்டார். 1849-இல் பம்பாய்த் தீவின் நன்னீர்ப் பஞ்சுயிரிகளைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரை இந்தியப் பஞ்சுயிரி ஆராய்ச்சிக்குத் தலைவாயில் எனலாம். இந்தியக் குளங்களில் எளிதாகக் காணக்கூடிய ஒரு சிற்றினத்திற்கு 1863-இல் பவர்பாங்க் என்பவர் கார்ட்டரி என்று பெயரிட்டார். அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. உங்கள் ஊர்க் குளத்தில் நீர் வற்றும் மாதத்தில் கல்லைப் புரட்டிப் பாருங்கள். கார்ட்டர் அங்கே இருப்பார்.

குளத்து நீரையே நோக்கிக் கொண்டிருந்தவர் கண்ணில் நோயும் தென்பட்டது. நரம்புச் சிலந்தி என்று நம் முன்னோர் அஞ்சிய புழு அந்நாளில் பம்பாயிலும் பரவியிருந்தது. குளத்து நீரில் உலவும் நுண்புழுக்களே தோலினுள் புகுந்து நரம்புச் சிலந்தியாய் வளர்கின்றன என்று கார்ட்டர் கருதினார். அது சரியன்று. சைக்ளாப்ஸ் என்னும் நீர்ச்சிற்றுயிரை நீரோடு குடிப்பதால் நோய் வருகிறது என்பதை 1870-ஐ ஒட்டி ஃபெட்செங்கோ என்னும் ரஷ்ய அறிஞர் காட்டினார். கார்ட்டர் சரியான நீரில்தான் தேடினார். தவறான புழுவைப் பிடித்தார். இந்தியா அந்நோயினின்று நீங்கியது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் சான்று அளித்தது.

இனி ஆமைக்கு வருவோம்.

பம்பாய் எரிமலைப் பாறையின் மேல் நிற்கும் நகரம். தக்காணம் முழுவதும் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து உறைந்ததைப் படித்திருப்பீர்கள். ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் இடையே நெடுங்கால ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் மழை பெய்தது, பள்ளங்களில் நீர் தேங்கியது, செடி முளைத்தது, தவளை கத்தியது. அடுத்த குழம்பு வந்து எல்லாவற்றையும் மூடியது. இரண்டு குழம்புப் படிவுகளுக்கு இடையே அகப்பட்ட அந்த மெல்லிய சேற்றுப் படிவே வொர்லிக் குன்றின் அடியில் கிடைத்தது. அதில் அகப்பட்ட தவளை எலும்புகளை ரிச்சர்ட் ஓவன் 1847-இல் லண்டனில் ஆராய்ந்து சிறு தவளை ஒன்றின் புதைபடிவம் எனப் பெயரிட்டிருந்தார். கார்ட்டர் அதே படிவைத் தாமே ஆராய்ந்தார். செடிகளின் எச்சங்களையும், சிப்ரிஸ் என்னும் ஓடுடைய நுண்ணுயிர்களையும், ஓர் ஆமையையும் கண்டு, பம்பாய்த் தீவின் நிலவியல் என்னும் தம் நீண்ட கட்டுரையில் 1852-இல் வெளியிட்டார். ஆமைக்கு டெஸ்ட்யூடோ லீதீ என்று பெயரிட்டார். லீத் என்பவர் அவருடைய நண்பரொத்த பம்பாய் மருத்துவர். நகரின் சுகாதார நிலையைப் பற்றி 1864-இல் அறிக்கை எழுதியவர்.

தவளையும் சிப்ரிஸும் ஆமையும் ஒரே சேற்றில் கிடந்தால் அது கடலாக இருக்க முடியாது, நன்னீர்த் தேக்கமே. இம்முடிவு எளிதாகத் தோன்றலாம். கடல் சூழ்ந்த ஒரு தீவில் நின்று, இங்கே ஒரு காலத்தில் கடல் இல்லை, ஏரி இருந்தது என்று சொல்வதற்குச் சிறிது துணிவு வேண்டும்.

டெஸ்ட்யூடோ என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். நான் பிறந்தது இடுக்கியின் ஏலமலையில், சாந்தன்பாறையில். அங்கே எங்கள் தமிழில் தரையில் ஊர்வதும் ஆமை, ஓடையில் நீந்துவதும் ஆமை. எல்லாவற்றிற்கும் ஒரே சொல். 1758-இல் லின்னேயஸ் செய்ததும் அதுதான். கடலாமை, ஆற்றாமை, காட்டாமை அனைத்தையும் டெஸ்ட்யூடோ என்னும் ஒரே கூடையில் போட்டார். கார்ட்டர் காலத்திற்குள் அக்கூடை பலவாகப் பிரிந்துவிட்டது. ஆயினும் பம்பாயில் இருந்த மருத்துவர் பழைய கூடையிலேயே தம் ஆமையை இட்டார். ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் உலகத்து ஆமைகளின் எலும்புகள் இல்லை என்பதை நாம் மறக்கலாகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எங்கள் மலைப் பாறை நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. அதில் எலும்பு தங்காது. உளி எடுத்து ஆயுள் முழுவதும் தட்டினாலும் ஓர் ஆமை கிடைக்காது. ஆகையால், கிடைத்த ஊரில் கிடைத்ததை விடாது பார்த்த மனிதர் மேல் எனக்குச் சற்றுப் பொறாமையே உண்டு.

கார்ட்டர் இட்ட பெயர் ஒரு வழக்கில் வென்றது. ஒரு வழக்கில் தோற்றது.

வென்ற வழக்கு இது. 1869-இல் குந்தர் என்னும் பெரும் ஊர்வன அறிஞர், உயிரோடிருக்கும் ஒரு சிறு நில ஆமைக்கு அதே டெஸ்ட்யூடோ லீதீ என்னும் பெயரை இட்டார். அதே லீத்துக்கு அதே மரியாதை! ஒரே பெயர் இரண்டு விலங்குக்கு நிற்காது. பதினேழு ஆண்டு முந்திய கல்லாமையே பெயரைப் பற்றிக்கொண்டது. உயிருள்ள ஆமை அதனை இழந்தது. 1883-இல் லார்ட்டே இட்ட கிளைன்மன்னி என்னும் பெயரால்தான் அந்த எகிப்து ஆமை இன்று வழங்குகிறது. லீத் பெயருக்கு முற்றும் இழப்பில்லை. காவிரி முதலிய தென்னாட்டு ஆறுகளில் வாழும் மென்னோட்டு ஆமை ஒன்றிற்கு 1872-இல் அவர் பெயர் இடப்பட்டது, அது நிற்கிறது.

தோற்ற வழக்கே சுவையானது. லண்டன் அருங்காட்சியகத்தில் விலங்குப் பகுதியை ஆண்ட ஜான் எட்வர்டு கிரே, முன்னே நான் சொன்ன இரண்டாம் கிரே, 1871-இல் பம்பாய்க் கல்லாமையை எடுத்து ஆராய்ந்தார். இது நில ஆமை அன்று, கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் நீராமை என்று கண்டார். அது வரை நன்று. நம் நாட்டு ஆமைகள் கழுத்தை நேரே உள்ளிழுக்கும். பக்கக் கழுத்து ஆமைகள் கழுத்தை ஒருபுறமாக வளைத்து ஓட்டின் விளிம்பில் ஒடுக்கும். அவற்றின் இடுப்பெலும்பு மேலோட்டோடும் கீழோட்டோடும் ஒட்டி இறுகியிருக்கும். ஆகவே தலை இல்லாமலே, ஓட்டைக் கண்டே, அப்பெருங்குழுவை அடையாளம் காணலாம். இன்று இந்தியாவில் அத்தகைய ஆமை ஒன்றுகூட இயற்கையாக வாழவில்லை. கிரே இதற்கு மேலும் ஓர் அடி வைத்து, பம்பாய் ஆமையை ஹைட்ராஸ்பிஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். அது தென் அமெரிக்கப் பேரினம்.

இந்த ஒரு சொல்லின் விளைவைப் பாருங்கள். ஹைட்ராஸ்பிஸ் சேர்ந்த குடும்பம் கெலிடே. அக்குடும்பத்து ஆமைகள் இன்று தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியா, நியூகினிப் பகுதியிலும் மட்டுமே உள்ளன. பம்பாயிலும் அக்குடும்பம் வாழ்ந்தது என்றால், அவ்விரண்டு நிலப்பகுதிகளுக்கும் இந்தியா ஒரு பாலம் ஆகிறது. விலங்குகள் உலகில் பரவிய வழியை வரைவோர் அனைவரும் அப்பாலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று. அலமாரியில் ஓட்டை எந்தத் தட்டில் வைக்கிறோம் என்பது சிறிய காரியம் போல் தோன்றும். கண்டங்களின் வரலாறே அதனால் மாறிவிடுகிறது. வகைப்பாடு என்றால் மனப்பாடம் செய்யும் பெயர்ப் பட்டியல் என்று எண்ணும் நண்பர்கள் சிலர் நம் விடுதியிலேயே இருக்கின்றனர். அவர்களுக்காகவே இதை விரித்தேன்.

எண்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து 1953-இல் எர்னஸ்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வழக்கை மீண்டும் எடுத்தார். பம்பாய் ஆமை கெலிடே அன்று, பெலொமெடுசிடே உறவு என்று காட்டினார். இரண்டிற்கும் வேறுபாடு காணக் கீழோட்டைப் பார்ப்பது ஒரு வழி. கீழோட்டின் நடுப்பகுதியில் இருபுறமும் ஓரத்தில் ஒரு சிறு எலும்புத் தகடு பெலொமெடுசா வகைகளில் உண்டு, கெலிடேயில் இல்லை. உள்ளங்கை அகலங்கூட இல்லாத ஒரு தகடு, தென் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவிற்குப் போட்ட பாலத்தைத் தகர்க்க வல்லது. பெலொமெடுசா வகையினரின் உறவினர் இன்று ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா ஆகிய இடங்களில் உள்ளனர். வில்லியம்ஸ் புதிய பேரினம் ஒன்றை அமைத்து, அதனை முதலில் விவரித்த மருத்துவரின் பெயரையே அதற்கு இட்டார். அதுதான் கார்ட்டெரெமிஸ். கார்ட்டர் அப்போது இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கதை அங்கும் முடியவில்லை. வடஅமெரிக்காவின் நியூஜெர்சியில் கிடைத்த ஓர் ஆமைக்கு லைடி என்பவர் 1865-இல் போத்ரெமிஸ் என்று பெயரிட்டிருந்தார். தாடையில் குழிகள் உடையது என்பது பொருள். அதை அடிப்படையாக வைத்து 1891-இல் பவர் என்பவர் போத்ரெமிடிடே என்னும் குடும்பத்தை வகுத்தார். கிரிடேசிய காலத்தில் செழித்து, ஆறுகளிலும் கரையோர நீரிலும் வாழ்ந்து, முற்றும் அழிந்துபோன குடும்பம் அது. இந்திய ஆமைகள் அதனுள் வந்து சேர்ந்த செய்தி நமக்கு மிகவும் வேண்டியது, ஏனெனில் அதன் முக்கியச் சான்று நம் தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்தது.

அரியலூரைக் கடற்சிப்பிகளின் புதைபடிவங்களுக்காக உலகம் அறியும். அப்பகுதியில் கல்லமேடு என்னும் இடத்தில் கடல் விலகிய பின் படிந்த மண் உள்ளது. அதில் டைனசார் எலும்புகள் மட்டுமல்ல, ஆமை மண்டையோடும் கிடைத்தது. காஃப்னி, சங்கர் சட்டர்ஜி, ருத்ரா ஆகிய மூவரும் 2001-இல் அதற்குக் கூர்மடெமிஸ் கல்லமெடென்சிஸ் என்று பெயரிட்டனர். கூர்மம் முன்னே, கல்லமேடு பின்னே! ஓடு ஆமைக்கு ஆமை மிகவும் ஒத்திருக்கும்; குடும்பத்தின் நுண்ணிய வேறுபாடுகளைக் காட்டுவது மண்டையோடு. அதனால்தான் கல்லமேட்டு ஆமைக்கு இவ்வளவு மதிப்பு. 2003-இல் பம்பாயின் அதே இடைப்படிவுகளிலிருந்து சங்குகெமிஸ் என்னும் மற்றோர் ஆமை விவரிக்கப்பட்டது. அதுவும் கூர்மடெமிஸும் நெருங்கிய உறவு. 2006-இல் காஃப்னி, டாங், மெய்லன் மூவரும் ஏறத்தாழ 700 பக்கங்களில் இக்குடும்பத்தின் வகைப்பாட்டை எழுதியபோது, நம் நாட்டு ஆமைகளைத் தனிக் கிளையாக வைத்து, கூர்மடெமிஸின் பெயரையே அக்கிளைக்கும் கொடுத்தனர். 2009-இல் அக்கிளையைச் சேர்ந்த மற்றோர் ஆமை மடகாஸ்கரில் அறியப்பட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. பிரிந்த வீட்டின் இரண்டு அறைகளிலும் ஒரே குடும்பத்தின் பாத்திரம் கிடைத்தது போன்றது இது. கிரே போட்ட பாலம் போயிற்று. அதைவிட உறுதியான உறவு ஒன்று தெரிய வந்தது.

கார்ட்டரின் சொந்த ஆமை இக்குடும்பத்தில் சரியாக எந்த மூலையில் அமரும் என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. அதன் வயதும் அப்படியே. 1953-இல் அதை ஈயோசீன் காலத்தது என்று எழுதினர். அரைநூற்றாண்டு கழித்து அதே படிவுகளைக் கிரிடேசிய இறுதி என்றனர். முதலில் கிடைத்ததற்கு இந்தத் துன்பம் எப்போதும் உண்டு. பின்னர் வருவனவெல்லாம் அதனோடு ஒப்பிடப்படும். அதனை ஒப்பிடவோ அன்று எதுவும் இருக்கவில்லை.

ஒரு சிறு குறை எனக்கு உண்டு, சொல்லிவிடுகிறேன். இக்கதையில் லீத் பெயரால் ஆமை உண்டு, கார்ட்டர் பெயரால் ஆமை உண்டு. பம்பாய்க் குன்றுகளில் கல்லுடைத்த கூலியாட்கள் பெயரால் ஓர் ஆமையும் இல்லை. தோட்டத் தொழிலாளர் நடுவில் வளர்ந்த எனக்கு இது கண்ணில் படாமல் போவதில்லை. அதனால் கார்ட்டரின் உழைப்பு குறைந்துவிடாது. ஆயினும் நம் காலத்திலேனும் வழக்கம் மாறி வருவது மகிழ்ச்சி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் வாழும் பிரம்பாமை ஒன்றை 1912-இல் சென்னை அருங்காட்சியகத்தின் ஹெண்டர்சன் விவரித்தார். பிறகு அது நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. 1982-இல் கேரளக் காட்டில் தங்கியிருந்து அதை மீண்டும் கண்டுபிடித்தவர் ஜே. விஜயா என்னும் இளம்பெண். இந்தியாவின் முதற் பெண் ஊர்வனவியலார். 1987-இல், இளம் வயதிலேயே மறைந்தார். 2006-இல் அப்பிரம்பாமைக்குத் தனிப் பேரினம் வகுத்தபோது விஜயகெலிஸ் என்று பெயரிட்டனர்.

நிற்க. கார்ட்டரின் பம்பாய் வாழ்க்கையைத் தொடர்வோம். 1850-களின் நடுவில், கங்கை, சிந்து, கன்னியாகுமரி ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட இந்தியாவின் நிலவியலை ஒரே கட்டுரையில் சுருக்கித் தந்தார். அதில் பெரும்பகுதி பிறர் சிதறலாக எழுதி வைத்ததைத் திரட்டியது. அந்நாளில் அப்படித் திரட்டுவதற்கே ஆள் இல்லை. 1857-இல் மேற்கு இந்தியாவைப் பற்றிய நிலவியல் கட்டுரைகளைத் தொகுத்து அரசாங்கச் சார்பில் வெளியிட்டார். 1859-இல் லண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1862-இல் பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார்.

ஓய்வு பெற்ற மருத்துவர்கள் தோட்டம் போடுவார்கள்; நினைவுக் குறிப்பு எழுதுவார்கள். கார்ட்டர் பிறந்த சிற்றூருக்கே திரும்பி, நுண்ணோக்கியை மேசைமேல் வைத்து, முப்பது ஆண்டுகள் பஞ்சுயிரிகளை ஆராய்ந்தார். அவருடைய புகழில் பெரும்பகுதி இக்காலத்தது. உலகின் பல கடல்களிலிருந்தும் பஞ்சுயிரிகள் அவரைத் தேடி வந்தன. 1872-இல் அரச கழகத்தின் அரசப் பதக்கம் கிடைத்தது. 1875-இல் பஞ்சுயிரிகள் அனைத்தையும் எவ்வாறு வகைப்படுத்துவது என்று எழுதினார். 1881-இல் அதுவரை அறியப்பட்ட நன்னீர்ப் பஞ்சுயிரிகளின் வரலாற்றையும் வகைப்பாட்டையும் தந்தார். ஆமையில் பழைய கூடையைப் பயன்படுத்திய அதே மனிதர், பஞ்சுயிரிகளுக்குத் தாமே கூடை பின்னினார். கண்ணில் பட்டதெல்லாம் உயிர் என்று நம்பிவிடும் இயல்பும் அவரிடம் இல்லை. கனடாவின் மிகப் பழைய பாறையில் கிடைத்த ஈயோசூன் என்னும் உருவத்தை உலகின் முதல் உயிர் என்று பெரிய அறிஞர்கள் பலர் கொண்டாடியபோது, ஃபொராமினிஃபெரா ஓடுகளை நன்கறிந்த கார்ட்டர் 1874-இல் அதனை மறுத்து எழுதினார். அது வெறுங் கனிமக் கோலமே என்பது பிற்காலத்து முடிவு.

1880-இல் அவர் மேசைக்கு வந்த பெட்டிகளுள் ஒன்று நம் கடலிலிருந்து சென்றது. மன்னார் வளைகுடாவில் ஒரு கப்பல் தலைவர் அடிமண்ணைச் சுரண்டி எடுத்துச் சேர்த்த உயிரினங்கள் லிவர்பூல் அருங்காட்சியகத்திற்கு அளிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கார்ட்டர் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு துணை அறிக்கையும் எழுதினார். முத்துக்குளிக்கும் நம்மவர் ஆயிரம் ஆண்டுகளாக மூழ்கி எழுந்த கடலின் பஞ்சுயிரிகள் பல, டெவன் கரையில் ஒரு முதியவரின் மேசைமேல் பெயர் பெற்றன. மன்னார் வளைகுடாவின் பஞ்சுயிரிகளைப் பற்றி எழுதப் புகும் மாணவர் எவரும் இன்றும் அவ்வறிக்கையில்தான் தொடங்க வேண்டும்.

டாக்டர் ஹென்றி ஜான் கார்ட்டர் 1895-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் பட்லி சால்ட்டர்ட்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்று.